பீட்டர் காலில் போட்ட கட்டு

ஹம்சவேணி: ...இல்ல ஜெனி, நல்லாத்தான் இருக்கு. காலைல கூட ஒரு கை கம்பு போட்டேன். கொத்திக் கொத்தித் தின்னுச்சு.

ஜெனி: கம்பா? பீட்டர் கம்பு திங்க மாட்டானேக்கா. ஊற வச்ச அரிசியும் பொட்டுக்கடலையும்தான...

ஹம்சவேணி: அதான்... பொட்டுக்கடலை போட்டேன். மேல ரெண்டு கம்பும் போட்டுப் பாத்தேன். தின்னுருச்சு.

ரவிசங்கர்: எதுக்கு நீயா எடுத்து விடுற?

ஹம்சவேணி: நீங்க சும்மா இருங்க. ...உன்னச் சொல்லல ஜெனி, இவரச் சொன்னேன். கடை திறக்கப் போகாம போன்கிட்டயே காத வச்சுக்கிட்டு நிக்கிறாரு.

ஜெனி: அண்ணன் நிக்கட்டும்க்கா. அவருக்கும் பீட்டருன்னா உசுருதான. கால் எப்படி இருக்கு? நாய் கவ்வுன எடத்துல வீக்கம் வத்துச்சா?

ஹம்சவேணி: வத்திருச்சு. நல்லா நடக்குது. நொண்டல் கூட இல்ல.

ஜெனி: நொண்டலே இல்லையா? பதினஞ்சு நாளைக்கு முன்னாடி ஒத்தக் கால்லதான நின்னான்...

ஹம்சவேணி: கொஞ்சம் நொண்டுது. உத்துப் பாத்தாத்தான் தெரியும்.

ஜெனி: கட்டு? நான் கட்டிட்டு வந்த கட்ட யாரும் பிரிக்கலையே?

ஹம்சவேணி: நாங்க தொடவே இல்ல ஜெனி. வேலூருக்குக் கிளம்புற அவசரத்துலயும் 'கட்டத் தொடாதீங்க, கட்டத் தொடாதீங்க'ன்னு மூணு தடவ சொல்லிட்டுப் போனியே. மஞ்சத்துணி அப்படியேதான்... இருக்கு.

ஜெனி: அது போதும்க்கா. நான் வந்து பாத்துக்கிறேன்.

ஹம்சவேணி: மெர்வின் தம்பி எப்படி இருக்காரு? அதச் சொல்லு மொதல்ல.

ஜெனி: வெள்ளிக்கிழமைதான் கண்ணு முழிச்சாரு. நெஞ்சுல வச்ச வால்வு நல்லா வேல செய்யுதாம். முந்தாநாளு வார்டுக்கு மாத்திட்டாங்க. நாளைக்கு டிஸ்சார்ஜ் பண்ணிருவோம்னு டாக்டர் சொல்றாரு. ஆனா... சாப்பிட மாட்டேங்குறாருக்கா.

ஹம்சவேணி: ஏனாம்?

ஜெனி: தெரியல. இட்லியப் பாத்தா செவுத்துப் பக்கம் திரும்பிக்கிறாரு. மாமனாரு மதுரையிலருந்து எங்ககூடவே வந்து தலமாட்டுல உக்காந்து ஜெபம் பண்றாங்க, அவங்ககிட்டயும் பேச்சில்ல. நான் எதாச்சும் கேட்டா கண்ண மூடிக்கிறாரு. வாயத் தொறந்தா ஒண்ணே ஒண்ணுதான்... 'பீட்டர் எப்படி இருக்கான்?' நல்லாருக்கான்னு சொன்னா அன்னைக்கு அரை டம்ளர் கஞ்சி குடிப்பாரு. அவ்வளவுதான். சனிக்கிழமை நீங்க சொன்னத வச்சு அரை டம்ளர். ஞாயித்துக்கிழமை அரை. நேத்து நான் சொன்னத நம்பல. 'நீ என்னத் தேத்துறதுக்குச் சொல்ற'ங்கிறாரு.

ரவிசங்கர்: சேவலுக்காகவா சோறு திங்காம கிடக்காரு...

ஜெனி: ஆமாண்ணே. கேக்குறீங்களா? ஆமா. அதான் ஒரு உதவி கேட்டுத்தான் கூப்பிட்டேன். பக்கத்துப் பெட்டுக்காரர் பாட்டுக் கேக்க டேப்ரிக்கார்டர் வச்சிருக்காரு. அத வாங்கிக்கிட்டு இந்த எஸ்டிடி பூத்துக்கு வந்துருக்கேன்.

ஹம்சவேணி: டேப்ரிக்கார்டர் எதுக்கு?

ஜெனி: பீட்டர ரிசீவர்கிட்ட தூக்கிட்டு வாங்கக்கா. ஒரே ஒரு தடவ கூவட்டும். பதிஞ்சு எடுத்துட்டுப் போயி அவரு காதுகிட்ட வைக்கிறேன்.

ஹம்சவேணி: ...கூவணுமா?

ஜெனி: ஆமாக்கா. அவந்தான் நேரங்காலம் இல்லாமக் கூவுவானே. பொட்டுக்கடலைய உள்ளங்கையில வச்சு மேல தூக்கிக் காட்டுங்க, உடனே கூவுவான்.

ஹம்சவேணி: இரு... இரு ஜெனி. இவர்கிட்ட கேக்குறேன்.

ஜெனி: என்னக்கா, ரெண்டு பேரும் உங்க வீட்டுப் பாஷையில ஏதோ வேகமாப் பேசிக்கிறீங்க?

ரவிசங்கர்: ஒண்ணுமில்லமா. சேவல் எங்க நிக்குதுன்னு இவளக் கேட்டேன். குளியல் ரூமுல நிக்குதாம்.

ஜெனி: குளியல் ரூமுலயா? முருங்கை மரத்தடியில கட்டலையா?

ஹம்சவேணி: வெயிலுன்னு... உள்ள விட்டோம். இந்தா, போயிட்டாரு. தூக்கிட்டு வாராரு. பைய... பைய, கால மிதிச்சிராதீங்க. போன் வயர இழுக்காதீங்க.

ரவிசங்கர்: இந்தாம்மா, கொண்டாந்துட்டேன். கூவுடா. டேய்... கூவு.

ஜெனி: என்னக்கா கொக் கொக்னு முட்டைக்கு உக்காந்த மாதிரி சத்தம் வருது?

ஹம்சவேணி: தொண்ட கட்டியிருக்கு ஜெனி. குளியல் ரூமு... ஈரம் ஒத்துக்கல.

ரவிசங்கர்: இரு, இரு. இப்பக் கூவும் பாரு. கொக்... கொக்கரக்கோ...ஓ.

ஹம்சவேணி: கேட்டுச்சா ஜெனி?

ஜெனி: ...கேட்டுச்சு.

ரவிசங்கர்: கொக்கரக்கோ...

ஜெனி: போதும்க்கா. பதிஞ்சிருச்சு. நான் போயி அவருக்குப் போட்டுக் காட்டிட்டு அரை மணி நேரத்துல திரும்பக் கூப்பிடுறேன். வீட்டுலயே இருங்க.

*

ஹம்சவேணி: வச்சுட்டா. ஏங்க, உங்களுக்கு அறிவு இருக்கா?

ரவிசங்கர்: நான் என்ன பண்ணட்டும்? இது கூவுற ஜாதியா? வந்த நாளு மொதலா ஒரே எடத்துல உக்காந்து திங்குது, திங்குது, நம்மளப் பாக்குது.

ஹம்சவேணி: வாங்கும்போது சேவலான்னு கேட்டீங்களா இல்லையா?

ரவிசங்கர்: வெள்ளையா இருந்தா போதும்னு நீதான சொன்ன. சுங்குடிச் சேலை எடுத்துட்டு வரச் சொல்லு, நூறு சேலைக்குள்ள கைய விட்டு நல்லத உருவிருவேன். கோழியில எனக்கு என்ன தெரியும்? நம்ம வீட்டுல அத யாரு சாப்பிட்டா, யாரு வளத்தா?

ஹம்சவேணி: அதுக்காகக் காளவாசல் கறிக்கடையிலயா போயி வாங்குவாங்க?

ரவிசங்கர்: வேற எங்க போவேன்? கடைக்காரன் 'உரிச்சா, உரிக்காமலா'ன்னு கேட்டான். 'உசுரோட'ன்னேன். மேலயும் கீழயும் பாத்தான். பின்னாடி நம்ம கிரிதரன் வண்டியில போறான். ஹாரன் அடிச்சுச் சிரிச்சுக்கிட்டே போறான். இந்நேரம் நம்ம ஆளுக அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சிருக்கும், ரவிசங்கர் வீட்டுல கோழிக் குழம்புன்னு.

ஹம்சவேணி: உங்க மானம்தான் இப்ப முக்கியம். அங்க ஒரு மனுசன் சோறு திங்காம கிடக்காரு.

ரவிசங்கர்: சரி, விடு. என்ன பேருடி அது, சேவலுக்குப் பீட்டர்னு?

ஹம்சவேணி: அவங்க வேதத்துல வருதாம். பீட்டர்னு ஒருத்தரு, தெரியாது தெரியாதுன்னு மூணு தடவ பொய் சொல்லுவாராம். உடனே சேவல் கூவுமாம். மெர்வின்தான் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு.

ரவிசங்கர்: நாமளும் சனி, ஞாயிறு, திங்கள்னு மூணு நாளாச் சொல்லியாச்சு. அதான் இன்னைக்கு என்னையே கூவ வச்சிருச்சு.

ஹம்சவேணி: சிரிக்காதீங்க. அந்தத் தம்பி சித்திரைப் பொருட்காட்சியில ரோஸ் கலர் குஞ்சா அத வாங்கிட்டு வந்தாரு. சட்டைப் பையில போட்டுக் கொண்டாந்தாரு. சாயம் போயி வெள்ளையா வளந்துச்சு. புள்ள குட்டி இல்லாத வீடு... அது கூவுனாத்தான் அவங்களுக்கு விடியும்.

ரவிசங்கர்: தெரியும்டி. நமக்கும் அதுலதான் விடிஞ்சுச்சு.

ஹம்சவேணி: மொத நாள் நான் முறத்தால தள்ளிக்கிட்டேதான் தீனி போட்டேன். தொட்டா தலைக்குக் குளிக்கணுமோன்னு இருந்துச்சு. நாலாம் நாள் நொண்டிக்கிட்டே வந்து என் மடியில ஏறி உக்காந்துருச்சு. எறக்கி விட மனசு வரல எனக்கு. ஒரு சேவலுக்காக அழுவேன்னு யாராச்சும் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனா...

ரவிசங்கர்: அப்படி மடியில வச்சிருந்தவ எதுக்குத் தூக்கிக் குடுத்த?

ஹம்சவேணி: எதுக்கா? உங்க அம்மா திவசத்துக்கு. வெள்ளிக்கிழமை சாஸ்திரி வாராரு, பிண்டம் வைக்கிற வீட்டுல சேவல் நிக்கக் கூடாதுன்னு குதிச்சது யாரு?

ரவிசங்கர்: ரெண்டு நாளைக்கு எங்கயாச்சும் விடுன்னேன். முனியாயிகிட்டக் குடுன்னா சொன்னேன்?

ஹம்சவேணி: இந்தத் தெருவுக்கு வர்றவங்கள்ல கோழிக்கு வைத்தியம் தெரிஞ்சவ அவ ஒருத்திதான். பத்து வருசமா நம்ம வாசல்ல கீரை எறக்குறா. அலங்காநல்லூர்ப் பக்கம் வீடு, வீடு நிறையக் கோழி. 'ஆத்தா, நான் பாத்துக்கிறேன், சனிக்கிழமை கூடையில கொண்டாறேன்'னு சொன்னா. நம்பிக் குடுத்தேன்.

ரவிசங்கர்: சனிக்கிழமை கூடையில என்ன இருந்துச்சு?

ஹம்சவேணி: தெரிஞ்சுக்கிட்டே எத்தன தடவ கேப்பீங்க? அரைக்கீரை இருந்துச்சு. முருங்கைக்கீரை இருந்துச்சு. அடியில சேவல் இருக்கும்னு நான் கட்டு கட்டா எடுத்து வைக்கிறேன். அவ என் கையப் புடிச்சு ஒரு திருநீத்துப் பொட்டலத்த வச்சா.

ரவிசங்கர்: கொடுமை.

ஹம்சவேணி: 'முனியாண்டிக்குச் செலுத்தியாச்சு ஆத்தா. கால்ல மஞ்சத்துணி கட்டி விட்டுட்டு நாளக் கடத்துறீங்களே, சாமி பொறுக்குமா? ஒங்களுக்கு வெட்டக் கை வராதுன்னுதான் எங்கிட்ட குடுத்து விட்டீங்கன்னு புரிஞ்சுக்கிட்டேன்'னு சொல்றா. கீரை மேலயே உக்காந்துட்டேன்.

ரவிசங்கர்: நேந்து விட்ட சேவல்னு நெனச்சுட்டா.

ஹம்சவேணி: நாய்க்கடிக்குக் கட்டுன கட்டுடி, மஞ்சளும் சுண்ணாம்பும் பத்துப் போட்டா துணி மஞ்சளாத்தான் ஆகும்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அவங்க வேதக்காரங்கடி, மாமனார் சபையில மூப்பரு, ஞாயித்துக்கிழமை தவறாமக் கோயிலுக்குப் போற குடும்பம்டி, அவங்க எதுக்கு முனியாண்டிக்கு நேந்துக்கப் போறாங்கன்னு கேட்டேன்.

ரவிசங்கர்: அதுக்கு என்ன சொன்னா?

ஹம்சவேணி: 'மருந்துக் கட்டு எது, நேத்திக் கட்டு எதுன்னு எனக்குத் தெரியாதா'ங்கிறா. அவ்வளவுதான்.

ரவிசங்கர்: வேற எதுவும் சொன்னாளா?

ஹம்சவேணி: ...வேற என்ன சொல்லுவா. ஒண்ணுமில்ல.

ரவிசங்கர்: அன்னைக்கே ஜெனிகிட்ட உள்ளதச் சொல்லியிருக்கணும்.

ஹம்சவேணி: சனிக்கிழமை அவரு ஐசியூல கிடக்காரு. அவ போனத் தூக்குனதும் 'பீட்டர் நல்லாருக்கானாக்கா'ன்னு கேக்குறா. குரலே உடைஞ்சு போயிருக்கு. அவகிட்டப் போயி உன் சேவலக் குழம்பு வச்சுட்டாங்கன்னு எந்த வாயால சொல்ல?

ரவிசங்கர்: சரி... வியாழக்கிழமை காலைல ரயில்ல வந்து எறங்கிருவாங்க. கையில ரெண்டு நாள் இருக்கு. வாடிப்பட்டியில எனக்குச் சேலை போடுற ஏவாரி ஒருத்தர் இருக்காரு, நல்லகாமன்னு. அவரு தம்பி கோழிப் பண்ணை வச்சிருக்காரு. வெள்ளச் சேவலா, கொண்டை பெருசா, கூவுறதா ஒண்ணு...

ஹம்சவேணி: பெத்த புள்ளைய மாத்தி வச்சா அப்பனுக்குத் தெரியாதா?

ரவிசங்கர்: அது புள்ளையா? சேவல்டி. நாமளும் ஒரு துணிய மஞ்சத்தண்ணியில நனச்சுக் கால்ல சுத்தி விட்டா...

ஹம்சவேணி: சுத்துங்க. அதையும் எவளாச்சும் கொண்டு போயி அறுத்துட்டு வந்து திருநீறு குடுப்பா.

ரவிசங்கர்: போன் அடிக்குது. எடு.

ஹம்சவேணி: நீங்க எடுங்க.

ரவிசங்கர்: எடுடி. நான் எடுத்தா கூவுனவன் குரல்னு தெரிஞ்சு போயிரும்.

*

ஜெனி: அக்கா.

ஹம்சவேணி: சொல்லு ஜெனி. போட்டுக் காட்டுனியா?

ஜெனி: காட்டுனேன். சிரிச்சாருக்கா.

ஹம்சவேணி: சிரிச்சாரா?

ஜெனி: பதினஞ்சு நாளைக்கப்பறம் மொத தடவ. சிரிச்சா நெஞ்சுல தையல் இழுக்குது. தலகாணிய நெஞ்சோட சேத்து அமுத்திப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாரு. நர்ஸ் பயந்து ஓடி வந்துருச்சு. மாமா ஜெபத்த நிப்பாட்டிட்டுப் பாக்குறாங்க. அப்பறம் அவரே கேட்டு ரெண்டு இட்லி தின்னாரு.

ஹம்சவேணி: அப்பாடா. பெருமாளே... ஏங்க, ரெண்டு இட்லி தின்னாராம்.

ஜெனி: தின்னு முடிச்சு கையத் தொடச்சுக்கிட்டே சொன்னாரு, 'ரவி அண்ணன் நல்லாக் கூவுறாரு. பீட்டர் எங்க?'

ரவிசங்கர்: போச்சு.

ஜெனி: எனக்கு பூத்துலயே தெரிஞ்சிருச்சுக்கா. அவருக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். இப்ப நான் கேக்குறேன். பீட்டர் எங்க?

ஹம்சவேணி: ஜெனி, நீ மொதல்ல உக்காரு. அந்த பூத்துல ஸ்டூல் ஏதும் இருக்கா?

ஜெனி: நான் நின்னுக்கிறேன். சொல்லுங்க. நாய் தூக்கிருச்சா?

ஹம்சவேணி: இல்ல.

ஜெனி: கால் சீப்புடிச்சுச் செத்துட்டானா?

ஹம்சவேணி: அதுவும் இல்ல. நல்லாத்தான் இருந்துச்சு. வீக்கம் வத்துனது நெசம். என் மடியில ஏறி உக்காந்தது நெசம். இவுங்க அம்மா திவசம் வந்துச்சு ஜெனி. ரெண்டே ரெண்டு நாளைக்குக் கீரைக்கார முனியாயிகிட்ட விட்டேன். நீயும் அவகிட்டக் கீரை வாங்குவியே... அவதான்.

ஜெனி: முனியாயிகிட்டயா?

ஹம்சவேணி: ஆமா. அவ... அவ கால்ல இருந்த மஞ்சத்துணியப் பாத்துட்டு... நேந்து விட்ட சேவல்னு நெனச்சுக்கிட்டு, அவங்க ஊரு முனியாண்டிக்கு... ஜெனி? ...ஜெனி, இருக்கியா? ஏங்க, சத்தத்தையே காணோம். மயக்கம் போட்டுட்டாளோ?

ரவிசங்கர்: இங்க குடு. அம்மா ஜெனி, அண்ணன் பேசுறேன். தப்பு எங்க மேலதான்மா. காலு கையில விழுந்து கேட்டுக்கிறோம். மெர்வின்கிட்ட நானே...

ஜெனி: எந்தக் கிழமைண்ணே?

ரவிசங்கர்: என்னம்மா?

ஜெனி: முனியாயி அவன வெட்டுனது எந்தக் கிழமை?

ரவிசங்கர்: வெள்ளிக்கிழமைம்மா. எங்க வீட்டுல திவசம் நடந்த அன்னைக்கு. இந்தா, உங்க அக்காகிட்டயே பேசு.

ஜெனி: அக்கா, பொங்க வச்சாளாமா?

ஹம்சவேணி: என்னத்த?

ஜெனி: பொங்கல் வச்சு, முறையாச் செஞ்சாளா, சும்மா வீட்டுக் கொல்லையில வச்சு...

ஹம்சவேணி: கோயில்ல வச்சுத்தான் செஞ்சாளாம். என்ன ஜெனி கேள்வி இது? அதிர்ச்சியில என்னென்னமோ கேக்குற நீ. தண்ணி வாங்கிக் குடிம்மா.

ஜெனி: தண்ணி தெளிச்சாளா? தலைய உலுப்புனானா?

ஹம்சவேணி: அதுவும் சொன்னா. எனக்குக் கேக்கவே முடியல. மஞ்சத்தண்ணி தெளிச்சா உலுப்பணுமாம், உலுப்புனாத்தான் சாமி ஏத்துக்கிச்சுன்னு அர்த்தமாம். பீட்டரு உலுப்பவே இல்லையாம். நாலு தடவ தெளிச்சாங்களாம், அப்படியே நின்னு எல்லார் மூஞ்சியையும் பாத்துக்கிட்டு இருந்துச்சாம்.

ஜெனி: அப்பறம்?

ஹம்சவேணி: வேணாம் ஜெனி.

ஜெனி: சொல்லுங்கக்கா. உலுப்புனானா இல்லையா?

ஹம்சவேணி: அஞ்சாவது தடவ உலுப்புச்சாம்.

ஜெனி: ...உலுப்புனானா.

ஹம்சவேணி: அழுறியா? அழுதுரும்மா. பூத்துக்காரன் பாத்தாப் பாத்துட்டுப் போறான். நானும் நாலு நாளா யாருக்கும் தெரியாம அழுதுக்கிட்டுத்தான் இருக்கேன்.

ஜெனி: அவரு பேரச் சொல்லிக் கூப்பிட்டா ஓடி வருவான்க்கா. காலு அப்படி இருக்கும்போதும் வந்தான்.

ஹம்சவேணி: முனியாயிய நான் சும்மா விடல ஜெனி. வாய்க்கு வந்தபடி கேட்டுட்டேன். இனி இந்த வாசப்படி ஏறாதன்னு சொல்லிட்டேன். மூணு நாளாத் தெருமுனையிலயே கூடைய வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. நான் திரும்பிக் கூடப் பாக்கல.

ஜெனி: அவள ஒண்ணும் சொல்லாதீங்க.

ஹம்சவேணி: நீ இம்புட்டு நல்லவளா இருக்காத. சேவல் போனது ஒரு பக்கம். உங்க சாமிக்கு எம்புட்டுப் பெரிய அவமரியாதை. வேதக்கார வீட்டுச் சேவலக் கொண்டு போயி... உங்க மாமாவுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? சபையில அவங்க மொகத்த எங்க கொண்டு போயி வைப்பாங்க?

ஜெனி: மாமாவுக்குத் தெரிய வேணாம்.

ஹம்சவேணி: எங்க மூலமாத் தெரியாது. ஆனா அந்தப் பொம்பள வாய எப்படி மூடுறது? அவ சொல்றதுதான் சரின்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. ஜெனி, இன்னொன்னும் சொல்லணும். இத நான் இவர்கிட்ட கூடச் சொல்லல.

ரவிசங்கர்: என்னது?

ஹம்சவேணி: கட்டப் பிரிச்சப்ப உள்ள ஒரு ரூபாக் காசு இருந்துச்சாம்.

ரவிசங்கர்: காசா? என்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்ன?

ஹம்சவேணி: நீங்க இருங்க. அந்தக் காசக் காட்டித்தான் அவ என் வாய அடைச்சா ஜெனி. 'மருந்துக் கட்டுக்குள்ள எவளாச்சும் காசு முடிவாளா, சொல்லு ஆத்தா'ன்னு கேட்டா. நான் விடல. அடியே, ஜெனி டீச்சர் படிச்சவங்க, எலும்பு அசையாம இருக்க அண்டக் குடுத்து வச்சிருப்பாங்கன்னு சொன்னேன். அப்படித்தான ஜெனி? நீ ஒரு வார்த்த சொல்லு. அவ மூஞ்சிக்கு நேரா நான் போயிச் சொல்லணும்.

ஜெனி: அந்தக் காச என்ன செஞ்சாக்கா?

ஹம்சவேணி: உண்டியல்ல போடலையாம். திருநீத்தோட சேத்து எங்கிட்டயே குடுத்துட்டா. சேவல யாரு வேணும்னாலும் செலுத்தலாமாம், காச மட்டும் நேந்துக்கிட்டவங்க கையாலதான் போடணுமாம். நேந்துக்கிட்டவங்கன்னு ஒருத்தர நான் எங்க போயித் தேட? மஞ்சத்துணியும் ரத்தமுமா அலமாரியில கிடக்கு. நீங்க வர்றதுக்குள்ள அதக் கழுவி...

ஜெனி: கழுவிராதீங்கக்கா. துணியோட அப்படியே முடிஞ்சு வைங்க, அவரு கண்ணுல பட்டுற வேணாம். ஊருக்குக் கிளம்புற அன்னைக்கு அவரு நெஞ்சப் புடிச்சுக்கிட்டு ஆட்டோவுல உக்காந்திருந்தாரு, மாமா வெளிய நின்னு சங்கீதம் வாசிச்சுக்கிட்டு இருந்தாங்க, நான்தான் கதவச் சாத்திட்டு, அவரு பொழச்சு வரணும்னு அந்தக் காசக் கட்டுக்குள்ள வச்சு முடிஞ்சேன்... முனியாயிய வாசலுக்குக் கூப்பிட்டு ஒரு வாய் காப்பி குடுங்க. வியாழக்கிழமை நான் அவகூட அலங்காநல்லூர் வாரேன்னு சொல்லுங்க.